பெட்ரோல் மூடி இருந்தால் அது மின் கார் இல்லை

லெங் கீ ரோடு பக்கம் கார் பார்க்கப் போவதாகச் சொன்னாயே தங்கச்சி, போகும் முன் இதை ஒருமுறை படித்துவிடு. இப்போது எந்தக் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் 'எலெக்ட்ரிக்' என்ற பேச்சுதான். பெட்ரோல் டேங்க் உள்ள காரையும் 'எலெக்ட்ரிஃபைட்' என்பார்கள். 'தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும்' என்பார்கள். 'சக்கரத்தைச் சுற்றுவது மின்சார மோட்டார்தான்' என்பார்கள். இதில் எதுவும் பொய் கிடையாது. ஆனால் அரசாங்கம் தரும் தள்ளுபடியும், சாலை வரியும், வீவக கார் பேட்டையில் சார்ஜ் போடும் வசதியும், ஜோகூர் போகும்போது சோதனைச் சாவடியில் பார்ப்பதும் அந்தப் பேச்சை வைத்து நடப்பதில்லை. எது மின் கார், எது ஹைபிரிட் என்பதைச் சரியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் உன் கணக்கில் பல ஆயிரம் வெள்ளி இடிக்கும்.

முதல் வேலையாக, காரைச் சுற்றி ஒரு நடை வா. மூடிகளைத் திறந்து காட்டச் சொல். சார்ஜ் கம்பி மாட்டும் மூடி மட்டும் இருந்தால் அது முழு மின் கார். பெட்ரோல் மூடி மட்டும் இருந்தால், விளம்பரத்தில் எத்தனை மின்னல் படம் போட்டிருந்தாலும், அது ஹைபிரிட் அல்லது சாதாரண பெட்ரோல் கார். இரண்டு மூடியும் இருந்தால் பிளக்-இன் ஹைபிரிட். பதினைந்து நிமிட விற்பனைப் பேச்சு சொல்லாததை இந்த ஒரு நடை சொல்லிவிடும்.

பெயரை நம்பிப் போகாதே. கியா நீரோ என்ற ஒரே பெயரில் ஹைபிரிட்டும் உண்டு, முழு மின் காரும் உண்டு. ஹோண்டா கார்களின் பின்னால் 'இ:எச்இவி' என்று ஒட்டியிருக்கும். முதலெழுத்து 'இ' என்றாலும் அது பெட்ரோலில் ஓடும் ஹைபிரிட்தான். பிஒய்டி என்றால் மின் கார் என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 2024-ல் டொயோட்டாவைத் தாண்டி சிங்கப்பூரில் மிக அதிகமாக விற்ற கார் நிறுவனம் அது, அதனால் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த நிறுவனம் பிளக்-இன் ஹைபிரிட்டுகளையும் செய்கிறது. ஆகவே மாடலைக் கேளு, அதன் வகையைக் கேளு.

உள்ளே என்ன நடக்கிறது

ஹைபிரிட் என்பதை 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ்தான் உலகத்துக்குப் பழக்கிவிட்டது. அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு, ஒன்றிரண்டு யூனிட் மின்சாரம் பிடிக்கும் சிறிய பேட்டரியும் உண்டு. பிரேக் போடும்போது வீணாகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். மறுபடி நகரும்போது அதையே செலவழிக்கும். தீபாவளிச் சந்தை நடக்கும் நாள்களில் சிராங்கூன் ரோட்டில் அங்குலம் அங்குலமாக நகர்வோமே, முஸ்தஃபா பக்கம் பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு சுற்று சுற்றுவோமே, அங்கேதான் ஹைபிரிட் தன் அருமையைக் காட்டும். அதே கார் விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் போனால் பிரேக் போட வேலையே இருக்காது. எஞ்சின்தான் பெரும்பாலும் ஓடும். 'தானே சார்ஜ் ஆகும்' என்று சொல்கிறார்களே, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாரு. நீ டேங்கில் ஊற்றிய பெட்ரோலில் இருந்துதான். வேறு எந்த வழியிலும் அந்தக் காருக்குள் சக்தி நுழைவதில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். நிஸானின் 'இ-பவர்' கார்கள் சில ஆண்டுகளாகவே இங்கே ஓடுகின்றன. கிக்ஸ் அவற்றில் ஒன்று. அதில் சக்கரத்தைச் சுற்றுவது மின்சார மோட்டார் மட்டுமே. பெட்ரோல் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டராக மட்டும் வேலை செய்யும். மிதித்தவுடன் மின் கார் போலவே சட்டென்று பாயும். ஓட்டிப் பார்த்தவர்கள் 'இது மின் கார்தான்' என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் பிளக் கிடையாது, பெட்ரோல் நிலையத்துக்குப் போகாமல் ஓட்ட முடியாது. அதனால் பதிவில் அது ஹைபிரிட். நல்ல கார் அது, ஓட்டவும் சுகமாக இருக்கும். மின் காருக்கு உரிய தள்ளுபடியை எதிர்பார்த்து அதை வாங்காதே என்பதே நான் சொல்வது.

'மைல்டு ஹைபிரிட்' என்று ஒன்றும் உண்டு. எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார், அவ்வளவுதான். மோட்டார் தனியாகக் காரை ஓட்டாது. அதைப் பெட்ரோல் கார் என்றே மனதில் வைத்துக்கொள்.

பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரியது. மின்சாரத்திலேயே பல கார்கள் 50, 60 கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரில் ஒருவர் ஒரு நாளைக்கு ஓட்டும் தூரத்துக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் தினமும் இரவில் சார்ஜ் போடும் பழக்கமும் இடமும் உள்ளவர்களுக்குத்தான் இது. சார்ஜ் போடாமல் ஓட்டினால், கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும் காராக ஆகிவிடும். இவற்றில் பெரும்பாலானவை மெதுவான சார்ஜைத்தான் ஏற்கும் என்பதையும் கவனி.

எழுத்தில் எங்கே பார்ப்பது

பழைய கார் வாங்குவதானால் விற்பவரிடம் வண்டியின் பதிவு விவரம் உள்ள லாக் கார்டைக் கேளு. உரிமையாளர் சிங்பாஸ் மூலம் ஒன்மோட்டோரிங் தளத்தில் நுழைந்து உடனே காட்டிவிட முடியும். அதில் 'புரொபெலன்ட்' என்று ஒரு வரி இருக்கும். 'எலெக்ட்ரிக்' என்று மட்டும் இருந்தால் மின் கார். 'பெட்ரோல்-எலெக்ட்ரிக்' என்றால் ஹைபிரிட். அதோடு 'பிளக்-இன்' என்று சேர்ந்திருந்தால் பிளக்-இன் ஹைபிரிட். நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு இந்த வரிதான் கணக்கு. புதுக் கார் என்றால், காட்சிக்கூடத்தில் நிற்கும் காரிலேயே எரிபொருள் செலவையும் வாகனப் புகைத் திட்டத்தில் அது எந்தப் பிரிவு என்பதையும் காட்டும் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

ஊரிலிருந்து வரும் மாமா 'பச்சை நம்பர் பிளேட் பார்த்தால் போதுமே' என்பார். இந்தியாவில் 2018-லிருந்து பேட்டரி வண்டிகளுக்குப் பச்சைப் பலகை கொடுக்கிறார்கள், அங்கே அது சரி. இங்கே லாக் கார்டுதான்.

பணம் எங்கே இருக்கிறது

இங்கே பெரிய பணம் பெட்ரோல் நிலையத்தில் இல்லை, காரைப் பதிவு செய்யும் நாளில் இருக்கிறது. முழு மின் காருக்கு இரண்டு சலுகைகள் உண்டு. ஒன்று, 2018-ல் தொடங்கிய விஇஎஸ் என்ற வாகனப் புகைத் திட்டம். இன்னொன்று, 2021-ல் தொடங்கிய மின் வாகன ஆரம்பகால ஊக்கத்தொகை. இது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காட்டை ஒரு உச்சவரம்புக்குள் திருப்பித் தருவது. 2025-ல் இரண்டும் சேர்ந்து ஒரு மின் காருக்கு 40,000 வெள்ளி வரை கிடைத்தது. 2026-ல் அது 30,000 வெள்ளி வரை என்று குறைந்தது: புகைத் திட்டத்தில் 22,500, ஊக்கத்தொகையில் அதிகபட்சம் 7,500. ஊக்கத்தொகை 2026 டிசம்பரோடு முடிகிறது. 2027-ல் மிஞ்சுவது புகைத் திட்டத்தின் 20,000 மட்டும்.

ஹைபிரிட்டுக்கு? ஊக்கத்தொகை ஒரு காசு கிடையாது, அது முழு மின் காருக்கு மட்டும். புகைத் திட்டத்தில் பல ஹைபிரிட்டுகள் ஏ2 பிரிவில் வரும். அந்தப் பிரிவுக்கு 2024-ல் 5,000 வெள்ளி, 2025-ல் 2,500, 2026 முதல் அதுவும் இல்லை. ஆகவே இரண்டு கார்களின் விலைச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தள்ளுபடி கழித்த விலையா, கழிக்காத விலையா என்று கட்டாயம் கேளு. எந்த ஆண்டுத் தள்ளுபடி என்பதையும் கேளு. நீ கையெழுத்துப் போடும் நாளைப் பார்த்து அது வராது. கார் பதிவாகும் நாளைப் பார்த்துத்தான் வரும். ஆண்டுக் கடைசியில் முன்பணம் கட்டி, ஏலத்தில் சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் கிடைக்காமல் பதிவு ஜனவரிக்குத் தள்ளிப்போனால் குறைந்த தள்ளுபடிதான். அந்த வித்தியாசத்தை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கு.

சிஓஇ பிரிவிலும் இரண்டுக்கும் வேறு அளவுகோல். 2022 மே மாதத்திலிருந்து, 110 கிலோவாட் வரை உள்ள மின் கார் ஏ பிரிவில் வரும். எஞ்சின் உள்ள காருக்கு, ஹைபிரிட்டையும் சேர்த்து, 1,600 சிசிக்குள்ளும் 97 கிலோவாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரே மாடலின் சற்று வலிமை கூடிய வகை பி பிரிவுக்குப் போய்விடும் என்பதால், எந்த வகையின் விலையைச் சொல்கிறார்கள் என்று பாரு.

மின் கார் என்றால் புகையே இல்லையே, எதற்குப் புகைத் திட்டத்தில் கணக்கு என்று நீ கேட்கலாம். 2016 மார்ச்சில் இதே கேள்வி ஊரெல்லாம் பேச்சானது. ஹாங்காங்கிலிருந்து பழைய டெஸ்லா மாடல் எஸ் காரை ஒருவர் இங்கே இறக்குமதி செய்தார். சலுகை கிடைக்கும் என்று பார்த்தால், 15,000 வெள்ளி கூடுதல் கட்டணம் வந்தது. சோதனையில் அந்தக் கார் கிலோமீட்டருக்கு 444 வாட் மணி மின்சாரம் எடுத்தது. அந்த மின்சாரத்தைத் தயாரிக்கும் மின்நிலையம் ஒரு வாட் மணிக்கு 0.5 கிராம் கரியமில வாயு விடுவதாக ஆணையம் கணக்கிட்டது. பெருக்கினால் கிலோமீட்டருக்கு 222 கிராம். எலான் மஸ்க் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கிடமே பேசியதாக ட்விட்டரில் எழுதினார். ஆணையம் தன் கணக்கை விளக்கிச் சொல்லி அதில் நின்றது. அந்தக் கொள்கை எனக்குச் சரியாகவே படுகிறது. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் இருந்து வரும்போது, வண்டியின் பின்னால் குழாய் இல்லை என்பதற்காகப் புகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இப்போதும் அந்த முறையே இருக்கிறது, பெருக்கும் எண் மட்டும் 0.4. புதிய மின் கார்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதால் நல்ல பிரிவில் வந்துவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து பழைய மின் கார் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்.

ஓட்டும் செலவுக்கு வருவோம். மின் கார் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கிறது, வெளியே யூனிட் 60 காசு என்று வைத்துக்கொள். 9 வெள்ளி 60 காசு. நல்ல ஹைபிரிட் நாலரை லிட்டர் குடிக்கிறது, லிட்டர் 2 வெள்ளி 80 காசு என்றால் 12 வெள்ளி 60 காசு. ஆண்டுக்கு 17,000 கிலோமீட்டர் ஓட்டினால் மின் காருக்கு 1,632 வெள்ளி, ஹைபிரிட்டுக்கு 2,142. மிச்சம் 510 வெள்ளி. ஆனால் மின் கார் பெட்ரோல் வரி கட்டுவதில்லை என்பதால் அதன் சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி தனியாகச் சேர்க்கிறார்கள். 2021-ல் 200, 2022-ல் 400 என்று ஏறி, 2023-லிருந்து 700. மிச்சம் பிடித்த 510 அதிலேயே கரைந்துபோகிறது. 'ஓட்டும் செலவு பாதியாகிவிடும்' என்று சொல்வது பழைய பெட்ரோல் காரோடு ஒப்பிட்டு. சிக்கனமான ஹைபிரிட்டோடு ஒப்பிட்டால் அப்படி வராது. உன் வீட்டுக்காரர் தனியார் வாடகைக் கார் ஓட்டி ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் போனால் கதை வேறு: மிச்சம் 1,800 வெள்ளி, 700 போனாலும் 1,100 கையில் நிற்கும். தரைவீட்டில் சொந்தமாக மின்னூட்டி வைத்து வீட்டுக் கட்டணத்தில் சார்ஜ் போடுபவர்களுக்கும் மின் கார் தெளிவாகவே லாபம். யூனிட் விலையும் பெட்ரோல் விலையும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் நீ வாங்கும் வாரத்து விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீயே ஒருமுறை செய்.

ஹைபிரிட்டின் சாலை வரியில் ஒரு விஷயம். எஞ்சின் சிசியை வைத்து ஒரு தொகை, மோட்டாரின் கிலோவாட்டை வைத்து ஒரு தொகை போட்டு, எது கூடுதலோ அதை வாங்குவார்கள். சின்ன எஞ்சின்தானே, வரி குறைவாக வரும் என்று நீயாக முடிவு செய்துவிடாதே.

இரவில் கார் எங்கே நிற்கிறது

மின் காரா ஹைபிரிட்டா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். மின் கார் வாழ்க்கை சுலபமா சிரமமா என்பதை உன் புளோக்கின் கீழ் உள்ள கார் பேட்டைதான் தீர்மானிக்கும். 2030-க்குள் நாடு முழுவதும் 60,000 மின்னூட்டு முனையங்கள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. வீவக கார் பேட்டைகளில் பொருத்தும் வேலை சில ஆண்டுகளாகவே நடக்கிறது. ஆனால் ஒரு பேட்டையில் சில முனையங்கள்தான் இருக்கும். பெரும்பாலும் 7 கிலோவாட் அளவில் மெதுவாக ஏற்றுபவை. பிஒய்டியின் அட்டோ 3 போன்ற காரின் 60 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய ஒன்பது மணி நேரம் வரை ஆகும். இரவு மாட்டினால் காலைக்குச் சரியாக இருக்கும், இரவு பத்து மணிக்கு இடம் கிடைத்தால்.

அதனால் காட்சிக்கூடத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம், வேலை முடிந்து நீ வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில் பேட்டைக்கு இறங்கிப் பாரு. எத்தனை முனையம், எத்தனை காலி, எந்த நிறுவனத்துடையது, அந்தச் செயலியில் யூனிட் விலை என்ன, சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காவிட்டால் கட்டணம் உண்டா என்று குறித்துக்கொள். நீ திரும்பும் நேரத்தில் எப்போது பார்த்தாலும் எல்லாம் நிரம்பியிருந்தால், என் யோசனை ஹைபிரிட்தான். பிள்ளையைத் துணைப்பாடத்துக்கு விட்டுவிட்டு, ராத்திரி சமையலையும் முடித்துவிட்டு, சார்ஜ் தேடி அடுத்த பேட்டைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

மாடியிலிருந்து நீட்டிப்புக் கம்பி இறக்கி சார்ஜ் போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே. 2023 டிசம்பரில் நடப்புக்கு வந்த மின் வாகன மின்னூட்டச் சட்டப்படி, ஆணையம் அங்கீகரித்த மின்னூட்டிதான் பயன்படுத்த வேண்டும். கூட்டுரிமை வீடு என்றால் நிர்வாகத்திடம் முனையம் உண்டா, வரப்போகிறதா என்று எழுத்தில் கேளு.

பாலத்தைத் தாண்டினால்

ஜோகூர் பாரு கண்ணாடிக் கோயிலுக்கோ, தைப்பூசத்துக்குப் பத்து மலைக்கோ போகும் குடும்பம் நம்முடையது. ஹைபிரிட், பிளக்-இன் ஹைபிரிட் இரண்டிலும் பெட்ரோல் டேங்க் இருப்பதால், உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளைத் தாண்டும்போது டேங்க் முக்கால் பாகம் நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி உனக்கும் பொருந்தும். 'நான் மின்சாரத்தில்தான் வந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். அந்தப் பக்கம் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிகள் ஊற்றக் கூடாது, ரான் 97தான். முழு மின் காருக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. மலேசியாவிலும் இங்கே உள்ள அதே வகை இணைப்புகள்தான்: மெதுவான சார்ஜுக்கு டைப் 2, வேகச் சார்ஜுக்கு சிசிஎஸ் 2. ஆனால் செயலிகள் வேறு. கிளம்புவதற்கு முந்தைய நாளே அவற்றை இறக்கி, அட்டையைப் பதிந்து வை. பண்டிகை நாளில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வரிசை இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்கு.

பேட்டரி உத்தரவாதம் பற்றி ஒன்று. பல மின் கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்கிறார்கள். சிஓஇ 10 ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டு உன் பொறுப்பு. ஐந்தாறு ஆண்டு ஓடிய மின் காரை வாங்கினால் அதில் உத்தரவாதம் இன்னும் எத்தனை மாதம், அது உன் பெயருக்கு மாறுமா, பேட்டரியின் தற்போதைய நிலை எவ்வளவு விழுக்காடு என்று முகவரின் சோதனை அறிக்கையோடு கேளு. வாடகைக் காராக ஓடிய வண்டியில் கிலோமீட்டர் வரம்பு முன்பே தாண்டியிருக்கலாம். ஹைபிரிட் பேட்டரி சிறியது, மாற்றும் செலவும் அதற்கேற்பக் குறைவு. ஆனாலும் அதன் உத்தரவாதத்தைத் தனியாகக் கேட்டு வாங்கு.

'2030-க்குப் பிறகு ஹைபிரிட்டுக்குத் தடை' என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அதற்குப் பயந்து அவசரப்படாதே. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே உள்ள திட்டம். அந்த வகையில் மின் கார், ஹைட்ரஜன் கார் ஆகியவற்றோடு ஹைபிரிட்டையும் சேர்த்திருக்கிறார்கள். டீசல் கார்தான் 2025 ஜனவரி முதல் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. 2040-க்குள் எல்லா வண்டிகளும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது இலக்கு. இப்போது வாங்கும் காரின் சிஓஇ அதற்கு முன்பே முடிந்துவிடும்.

முதல் நாளே முன்பணம் கட்ட வேண்டாம். இரண்டு மூன்று கார்களின் விலைச்சீட்டை வாங்கிக்கொண்டு வா. ஒவ்வொன்றிலும் புரொபெலன்ட் வகை, புகைப் பிரிவு, எத்தனை கிலோவாட், எந்த சிஓஇ பிரிவு, எந்த ஆண்டுத் தள்ளுபடி கழித்திருக்கிறார்கள் என்ற ஐந்தையும் விற்பனையாளர் கையாலேயே எழுதி வாங்கு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.